பேகன் கொடுத்த போர்வை: சின்ன விலங்குக் காப்பகத்துக்கு அவசர நிதி திரட்டுவது எப்படி?

ஓம் சரவணபவ 🙏



நம்ம குரூப்ல அடிக்கடி வரும் ஒரு மெசேஜை வைத்துத்தான் இந்த வாரப் பாடம். "அடிபட்ட நாய்க்கு ஆபரேஷன், உடனே உதவுங்க", "20 குட்டிகளுக்கு வைரஸ், காப்பகத்துல காசு இல்ல" என்று ஒரு போட்டோவும் ஒரு கியூஆர் கோடும் வரும். சிலர் உடனே 100 ரூபாய் போடறாங்க. சிலர் "ஃபேக்கா இருக்குமோ"ன்னு தாண்டிப் போயிடறாங்க. பெரும்பாலானோர் இன்னொரு குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டு, கடமை முடிந்ததென்று விட்டுடறாங்க.

மூன்றுமே போதாது. ஏன், வேற என்ன செய்யலாம் என்பதைப் பார்க்கலாம்.

🦚 *1. பழனி மலைக்காரன் ஒருவனின் கதை*

கடையெழு வள்ளல்களில் ஒருவன் பேகன். முழுப்பெயர் வையாவிக் கோப்பெரும் பேகன். ஆவியர் குடித் தலைவன். அவன் ஆண்ட மலைநாடு வேறெங்கும் இல்லை, நம்ம பழனி மலைப்பகுதிதான். சங்க இலக்கியம் பொதினி என்று சொல்வது அந்த ஊரைத்தான்.

மயில் ஒன்று குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையையே எடுத்து அதற்குக் கொடுத்தான் என்பது எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த கதை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவங்க உண்டு. மயில் போர்த்திக்குமா?

புறநானூற்றில் அவனைப் பாடிய பரணருக்கும் இது தெரியும். மயில் போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தேதான் கொடுத்தான் என்கிறார். அதே பாட்டில் இன்னொன்றும் சொல்கிறார்: அடுத்த பிறவியில் புண்ணியம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அவன் கொடுக்கவில்லை, எதிரில் இருந்தவரின் இல்லாமையைப் பார்த்துக் கொடுத்தான். முருகன் மலையை ஆண்டவனுக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்றிதழ் இதுதான் என்று எனக்குத் தோணும்.

கதை இதோடு முடியவில்லை. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறு ஊரில் இருந்தபோது, கபிலரும் பரணரும் மற்ற புலவர்களும் போய் "எங்களுக்குப் பரிசு வேண்டாம், வீட்டில் அழுதுகொண்டிருப்பவளிடம் திரும்பிப் போ" என்று பாடினார்கள். மயிலுக்கு இரங்கிய மனசு வீட்டிலிருந்தவளை மறந்துவிட்டது.

இந்த ஒரே மனிதனிடமிருந்து நமக்கு மூன்று பாடம்:

▪️ இரக்கம் வந்தால் தள்ளிப் போடாதே.
▪️ பலனைக் கணக்குப் போடாதே.
▪️ கொடுக்கும் வேகத்தில், யாருக்கு உண்மையில் என்ன தேவை என்பதைப் பார்க்க மறக்காதே.

முதல் இரண்டும் நம்ம பசங்களுக்கு நல்லாவே வருது. மூன்றாவதில்தான் கோட்டை விடறோம். இனி வருவது எல்லாம் அந்த மூன்றாவது பாடம்தான்.

🐓 *2. விலங்குகளும் நம்ம கந்தனும்*

"கோயிலுக்குக் கொடுக்கிற காசை நாய்க்குக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை.

கந்தபுராணத்தில் சூரபத்மன் கடைசியில் கடலில் மாமரமாக நின்றான். வேல் அவனைப் பிளந்தது. இரண்டு கூறும் மயிலும் சேவலுமாய் எதிர்த்து வந்தன. கந்தன் அவற்றை அழிக்கவில்லை. ஒன்றை வாகனமாக்கினான், ஒன்றைக் கொடியில் வைத்தான். நாரதர் செய்த வேள்வியில் தோன்றி உலகத்தையே மிரட்டிய ஆட்டுக்கடாவையும் அப்படியே அடக்கி ஏறிக்கொண்டான்.

அவன் அப்பா இன்னும் ஒரு படி மேல. திருவிளையாடற் புராணத்தில், வேட்டையில் தாயை இழந்து பசியில் கத்திய 12 பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதர் தாய்ப்பன்றியாகவே வந்து பால் கொடுத்தார். இன்றைக்கு ஒரு காப்பகத்தில் கண் திறக்காத குட்டிக்கு ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பாட்டிலில் பால் புகட்டறாங்களே ஒரு அக்கா, அவங்க செய்வது இந்த வேலையைத்தான்.

அபிஷேகத்தைக் குறைங்க என்று சொல்ல வரவில்லை. அபிஷேகம் அபிஷேகம்தான், இது இதுதான். இரண்டும் ஒரே சாமிக்குப் போய்ச் சேரும்.

🏥 *3. "அவசரம்" எப்படி வருகிறது?*

இது புரிந்தால்தான் சரியாக உதவ முடியும். சின்னக் காப்பகம் என்றால் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஒரு வாடகை இடம், இரண்டு மூன்று பேர், ஐம்பது அறுபது ஜீவன்கள். மாதாமாதம் வரும் பணம் அரிசி, கோழி, வாடகை, ஆள் சம்பளத்துக்கே சரியாகிவிடும். கையில் மிச்சம் என்று ஒன்று இருக்காது.

அங்கே பார்வோ வைரஸ் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து தூக்கி வந்த ஒரு குட்டியோடு வந்திருக்கும். அறிகுறி தெரியவே சில நாள் ஆகும். அப்புறம் சாப்பாட்டை நிறுத்தும், வாந்தி, ரத்தம் கலந்த பேதி. உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் வடிந்துபோவதுதான் குட்டியைக் கொல்கிறது. அதனால் சிகிச்சையின் அடிப்படை டிரிப்ஸ். அதோடு வாந்தியை நிறுத்த ஊசி, கூடவே வேறு கிருமி தொற்றாமலிருக்க ஆன்டிபயாடிக். ஒரு நாளில் முடியாது, பல நாள் விடாமல் ஏற்றணும். முதல் சில நாளைத் தாண்டிவிட்டால் பிழைக்கும் நம்பிக்கை கூடும்.

இப்போது கணக்கைப் பாருங்க. ஒரு குட்டிக்கு வந்தால் கூட இருந்த குட்டிகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். ஒவ்வொன்றுக்கும் தனி டிரிப்ஸ், தனி இடம். சாதாரண ஃபினாயிலுக்கு இந்த வைரஸ் போகாது, பிளீச்சிங் கரைசல் வேணும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தடுப்பூசி போடாத புதுக் குட்டியை உள்ளே எடுக்கவும் முடியாது.

அதாவது, காசு வரவில்லை என்றால் நஷ்டம் அந்த ஆறேழு குட்டிகளோடு நிற்காது. அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் அடிபடும் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர் போன் பண்ணும்போது, "இடம் இல்லைங்க" என்ற பதில்தான் வரும். இதுதான் உண்மையான அவசரம்.

மழை இன்னொரு காரணம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம். வாடகை குறைவு என்று தாழ்வான இடத்தில் இருக்கும் காப்பகத்தில்தான் முதலில் தண்ணீர் நிற்கும்.

🔍 *4. கொடுப்பதற்கு முன் 5 நிமிடம்*

நம்பிக்கை வேற, ஏமாளித்தனம் வேற. ஃபார்வர்ட் பண்ணும் முன்னே இதைச் செய்யுங்க:

✅ *தேதி இருக்கா?* தேதி இல்லாத மெசேஜ் வருஷக்கணக்கில் சுற்றும். குட்டி வளர்ந்து நாயாகியிருக்கும், பணம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

✅ *போன் போட்டுப் பேசுங்க.* மெசேஜில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. காப்பகத்தின் சொந்தப் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு. "இன்னைக்கு அது எப்படி இருக்கு, ஒரு வீடியோ கால் வரலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்க. உண்மையாக நடத்துறவங்க கோபப்பட மாட்டாங்க.

✅ *போட்டோவைத் தேடுங்க.* கூகுள் லென்ஸில் போட்டால் அதே படம் வேறு ஊர், வேறு வருஷம் என்று வந்தால் விட்டுவிடுங்க.

✅ *டாக்டர் எஸ்டிமேட் கேளுங்க.* கிளினிக் பெயர் இருக்கும். அங்கேயும் ஒரு போன்.

✅ *கணக்கு யார் பெயரில்?* கியூஆர் ஸ்கேன் பண்ணினால் பெயர் காட்டும். டிரஸ்ட் பெயரும் அதுவும் பொருந்தணும். பதிவு செய்யாத, தனி ஒருவர் நடத்தும் இடம் என்றால் அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. அப்போது பணத்தைக் கிளினிக்கிலோ மருந்துக் கடையிலோ நேரடியாகக் கட்டிவிடுங்க. இரண்டு பக்கமும் நிம்மதி.

⚠️ பணம் *பெறுவதற்கு* யுபிஐ பின் தேவையே இல்லை. "உங்க உதவியைத் திருப்பி அனுப்பறோம், பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு.

✍️ *5. மெசேஜ் எழுதுவது எப்படி?*

சரிபார்த்தாச்சு, நிஜம்தான். இப்போது குரூப்பில் போடணும். இந்த அமைப்பில் எழுதுங்க (எண்கள் உதாரணத்துக்கு மட்டும்):

_தேதி: ____
_என்ன நடந்தது: 6 நாய்க்குட்டிகளுக்குப் பார்வோ. நேற்றிலிருந்து டிரிப்ஸ் ஏறுது._
_தேவை: ரூ.18,000 (5 நாள் டிரிப்ஸ், மருந்து, ரத்தப் பரிசோதனை). டாக்டர் எஸ்டிமேட் கீழே._
_இதுவரை வந்தது: ரூ.4,500_
_யாருக்கு அனுப்பணும்: காப்பகத்தின் கணக்கு / கிளினிக் கியூஆர்_
_கடைசி நாள்: ____
_மிஞ்சினால்: மற்ற குட்டிகளுக்குத் தடுப்பூசி_
_நேரில் பேசிச் சரிபார்த்தது: (உங்க பெயர்)_

இதில் மூன்று வரி முக்கியம். "தேவை" வரியில் ஒரு முடிவான தொகை இருக்கணும். "முடிஞ்சதைக் கொடுங்க" என்றால் யாருக்கும் கை வராது. 18,000 வேணும், 4,500 வந்தாச்சு என்றால் "நம்ம 200 ரூபாயும் கணக்கில் வரும்" என்று தோணும். "மிஞ்சினால்" வரி பின்னால் வரும் சண்டையை முன்னாலேயே தடுக்கும். "சரிபார்த்தது" வரியில் உங்க பெயரைப் போடத் தயங்கினால், நீங்க இன்னும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

படம் ஒன்று போதும். ரத்தமும் சதையுமாக ஐந்து படம் போட்டால் பார்க்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டு அடுத்த மெசேஜுக்குப் போயிடுவாங்க.

இன்னொன்றை அழுத்திச் சொல்லணும். *"இதை 11 பேருக்கு அனுப்பினால் முருகன் நல்ல செய்தி தருவான், அனுப்பாவிட்டால்..."* என்ற வரியைத் தயவுசெய்து சேர்க்காதீங்க. "100 கொடுத்தால் 1,000 ஆகத் திரும்பி வரும்" என்பதும் வேண்டாம். அப்பன் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவதும் பேரம் பேசுவதும் பக்தி ஆகாது. பேகன் பலனைப் பார்த்தா கொடுத்தான்?

📒 *6. கணக்கு, கணக்கு, கணக்கு*

கூடியவரை பணம் உங்க கைக்கு வர வேண்டாம். நேராகக் காப்பகத்துக்கோ கிளினிக்குக்கோ போகட்டும். நாம தகவல் சொல்றவங்க மட்டும்தான். வேறு வழியில்லாமல் ஒருவர் கணக்கில் சேர்த்தால், இரண்டாவது ஆள் ஒருவர் அதைப் பார்க்கணும். ஒரு கூகுள் ஷீட்: தேதி, தொகை, பெயரின் முதல் எழுத்து. யார் எவ்வளவு என்று குரூப்பில் முழங்க வேண்டாம். 50 ரூபாய் கொடுத்த காலேஜ் தம்பி 5,000 கொடுத்தவரைப் பார்த்துக் கூச்சப்படக் கூடாது.

தொகை சேர்ந்த நிமிஷமே "போதும், நிறுத்திக்கோங்க" என்று போடுங்க. "போதும்" என்று சொல்லத் தெரிந்தவரை மக்கள் அடுத்த முறை கேள்வி கேட்காமல் நம்புவாங்க.

ஒரு வாரத்துக்குள் பில் படமும் நிலவரமும் வரணும். குட்டி பிழைத்தால் வால் ஆட்டும் வீடியோ போடுங்க. *இறந்துவிட்டால், இறந்துவிட்டது என்று எழுதுங்க.* எத்தனை நாள் போராடியது, என்ன செலவானது, மிச்சம் எங்கே போனது என்பதையும் சொல்லுங்க. வருத்தமான செய்தி என்று மறைத்துவிட்டால், கொடுத்தவர் மனசில் "என்ன ஆச்சோ" என்ற கேள்வி நிற்கும். அடுத்த அவசரத்துக்கு அவர் கை நீளாது. உண்மையைச் சொன்னால் அவரும் சேர்ந்து ஒரு நிமிஷம் அழுதுவிட்டு, அடுத்த குட்டிக்கும் நிற்பார்.

⚖️ *7. தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய சட்ட விஷயம்*

▪️ *வரிச்சலுகை:* காப்பகத்துக்கு 80ஜி பதிவு இருந்து, நீங்க பழைய வரி முறையில் இருந்தால் சலுகை கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. சின்ன இடங்களில் இந்தப் பதிவு இல்லாமலும் இருக்கலாம்.

▪️ *வெளிநாட்டு அடியார்கள்:* மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, கனடாவிலிருந்து நிறையப் பேர் இதைப் படிக்கிறீங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அனுப்பும் நன்கொடை வெளிநாட்டு நிதிச் சட்டத்துக்குள் வரும். ஓசிஐ கார்டு இருந்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ அனுமதி இல்லாத காப்பகத்துக்கு நீங்க ஆசையாக அனுப்பும் பணம் அவங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். முதலில் கேட்டுக்கோங்க. அனுமதி இல்லையென்றால் உங்க ஊரில் உள்ள காப்பகத்துக்குக் கொடுங்க. கந்தன் அங்கேயும் இருக்கான். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பலாம்.

▪️ *அடிபட்ட மயில்:* விராலிமலை பக்கம் மட்டுமல்ல, இப்போ வயல், ரோடு எங்கும் மயில் பார்க்கிறோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது அட்டவணை 1. "முருகன் வாகனம், வீட்டுல வச்சுப் பார்த்துக்கறோம்" என்பது சட்டப்படி குற்றம். துணியால் மூடி நிழலில் வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்க.

▪️ விலங்குகளிடம் இரக்கம் காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று நம்ம அரசியல் சாசனமே, 51ஏ பிரிவில் சொல்கிறது. 1960இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் முதலில் குரல் கொடுத்தவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். விலங்கு நல வாரியம் 1962இல் அவர் தலைமையில்தான் தொடங்கியது.

நாய் என்றாலே பயப்படுறவங்க நம்மிடையே உண்டு. கடி வாங்கின குழந்தையின் அம்மாவிடம் போய் ஜீவகாருண்யம் பேச முடியாது. அவங்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கு: காப்பகம் செய்யும் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் தெருவிலிருக்கும் மனுஷனுக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு. அவங்க அந்தச் செலவுக்கு மட்டும் கொடுக்கலாமே.

🍚 *8. பணம் இல்லையா?*

மாணவர்கள் நிறையப் பேர் கேட்கிற கேள்வி. இங்கேதான் பேகன் போர்வையை நினைக்கணும். மயில் போர்த்தாது. காப்பகத்துக்கு என்ன தேவை என்று *கேட்டுவிட்டுக்* கொடுங்க. பழைய நியூஸ் பேப்பர், கிழிந்த பெட்ஷீட், துண்டு எல்லாம் பெரும்பாலும் கேட்பாங்க. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கூண்டு கழுவ ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவாங்க. பார்வோ இருக்கும் வாரத்தில் மட்டும் போகாதீங்க, உங்க செருப்பிலேயே வைரஸ் வீட்டு நாய்க்கு வரும்.

பிரசாதம் மிச்சமாயிடுச்சு என்று சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுபோய்க் கொடுப்பவங்க இருக்காங்க. நல்ல எண்ணம்தான். ஆனால் அதிலிருக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். சாக்லேட், வெங்காயமும் கூடாது.

🔥 *9. அடுப்பு அணையாமல் இருக்க*

சென்னை கந்தகோட்டத்தில் முருகனைப் பாடி வளர்ந்தவர் வள்ளலார். அவர் 1867இல் வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அன்றைக்கு ஒருநாள் பெரிய விருந்து போட்டுவிட்டுப் போயிருந்தால் நாம யாரும் நினைத்திருக்க மாட்டோம். தினமும் ஒருத்தர் விறகு வைத்ததால்தான் அது எரிகிறது.

அவசர நிதி என்பது அணையப் போகும் அடுப்பில் ஊதுவது. அதுவும் வேணும். ஆனால் மாதாமாதம் விறகு வந்தால் ஊத வேண்டிய நாள் குறையும். தடுப்பூசிக்கு முன்னாலேயே காசு இருந்தால் பார்வோ வந்தாலும் பரவாது. ஒரு குட்டிக்குத் தடுப்பூசி போடும் செலவையும், அதே குட்டிக்கு நோய் வந்தபின் வைத்தியம் பார்க்கும் செலவையும் பக்கத்து கிளினிக்கில் கேட்டுப் பாருங்க. புரியும்.

நமக்குத்தான் நாள் குறித்து வைத்திருக்கே! மாதத்துக்கு இரண்டு சஷ்டி, ஒரு கிருத்திகை. விரதம் இருக்கும் நாளில் மிச்சமாகும் சாப்பாட்டுக் காசை, 50 ஆனாலும் சரி, ஒரே காப்பகத்துக்குத் தொடர்ந்து அனுப்புங்க. ஊருக்கெல்லாம் பிரித்துக் கொடுப்பதைவிட, தெரிந்த ஒரு இடத்துக்கு விடாமல் கொடுப்பது அவங்களுக்கு வாடகை மாதிரி நிச்சயமான காசு.

கடைசியாக, பேகன் கதையின் இரண்டாம் பாதியை மறக்காதீங்க. கடன் வாங்கிக் கொடுக்காதீங்க. அம்மா மாத்திரைக்கு வைத்த காசை எடுத்துக் கொடுக்காதீங்க. வீட்டில் ஒரு கண்ணீர் இருக்கும்போது வெளியே கொடுக்கும் போர்வையைப் புலவர்களே பாராட்டவில்லை.

📝 *வரும் சஷ்டிக்குள் செய்ய வேண்டியது*

1️⃣ உங்க ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் காப்பகத்தைக் கண்டுபிடியுங்க. நேரில் ஒருமுறை போய்ப் பாருங்க.
2️⃣ அவங்க எண், கணக்குப் பெயர், வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் யார் என்று குறித்து வையுங்க. அவசரம் வரும்போது சரிபார்க்க நேரம் மிச்சம்.
3️⃣ "இந்த மாதம் எது இல்லாமல் கஷ்டப்படறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க. வந்த பதிலைக் கமென்டில் எழுதுங்க. அடுத்த பாடத்தில் சேர்த்துப் பேசுவோம்.

மயிலையும் சேவலையும் அணைத்துக்கொண்டவன் நம்ம கையையும் பிடித்து நடத்தட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏🦚